கால்வாய்க் கரையில் முதல் நாள்

ஐரோப்பாவுக்குப் பிரயாணம் போய் வந்த நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் நாள் ரயிலை விட்டு இறங்கியதும் நேரே கால்வாய்க் கரைக்குப் போவார்கள். வெனிஸ் நகரமானால் ஸ்டேஷன் படிகளை விட்டு இறங்கினாலே எதிரில் பெரிய கால்வாய். ஆம்ஸ்டர்டாமிலோ, 1889-ல் திறந்த மத்திய ஸ்டேஷனையே தண்ணீருக்குள் செயற்கைத் தீவுகளை உண்டாக்கி, அவற்றின்மேல் கட்டியிருக்கிறார்கள்; வாசலிலேயே படகு காத்திருக்கும். பிரயாணி அதில் ஏறி அமர்ந்து, ஒரு மணி நேரம் பாலங்களுக்கு அடியில் தலையைக் குனிந்து குனிந்து சென்று, "ஆகா! நம் நாட்டில் இப்படி ஒன்று இல்லையே!" என்று பெருமூச்சு விட்டுக் கட்டுரையை முடிப்பார்.

இந்தப் பெருமூச்சுக்கு மறுமொழி சொல்ல வேண்டும் என்று நமக்கு வெகு நாளாக எண்ணம். நம் நாட்டில் அப்படி ஒன்று இருக்கிறது. அதையும் ரயிலில் போய்ப் பார்க்கலாம். டிக்கெட்டு விலை ஒரு வேளைக் காப்பியின் விலைகூட ஆகாது. இடம், அத்திப்பட்டு.

பெயரைச் சொன்னதுமே வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். 2001-ல் வெளிவந்த "சிட்டிசன்" என்ற திரைப்படத்தில் அத்திப்பட்டி என்று ஒரு கற்பனைக் கிராமம், ஜனங்களோடு கூடத் தேசப்படத்திலிருந்தே மறைந்து போய்விடுகிறதாம். நாம் போனது அத்திப்பட்டி அல்ல, அத்திப்பட்டு. சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் மார்க்கத்தில், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவில், எல்லாத் தேசப்படங்களிலும் அது பத்திரமாக இருக்கிறது. அங்கே மறைந்துகொண்டிருப்பது வேறொன்று. அதைப் பற்றிப் பிறகு சொல்லுகிறோம்.

ஹாலந்து தேசத்துக்குப் போய் வந்த நண்பர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டோம். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?

ராயபுரத்தில் வண்டி ஏறினோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி புறப்பட்டது இந்த ஸ்டேஷனிலிருந்துதான். வாலாஜா ரோடு வரையில் ஓடிற்று. நெடுந்தூண்கள் வரிசையாக நிற்கும் முகப்பைப் பார்த்து நண்பர் ஒரு நிமிஷம் மௌனமானார். "ஆம்ஸ்டர்டாம் மத்திய ஸ்டேஷனுக்கு இது முப்பத்துமூன்று வயது மூத்தது" என்று நாம் கணக்குச் சொன்னோம். பள்ளிக்கூடத்து உபாத்தியாயருக்குக் கணக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

சென்ட்ரலிலிருந்து வருகிறவர்கள் "பேசின் பிரிட்ஜ்" என்ற ஸ்டேஷனைத் தாண்டி வருவார்கள். தினந்தோறும் அந்தப் பெயரைச் சொல்லும் ஆயிரக்கணக்கான ஜனங்களில் எத்தனை பேர், அந்தப் "பேசின்" கால்வாய்ப் படகுகள் வந்து ஒதுங்குவதற்கான நீர்த்துறை என்று நினைக்கிறார்கள்? உப்பு, விறகு, நெல், கிளிஞ்சல் எல்லாம் அங்கே வந்து இறங்கின. கொருக்குப்பேட்டைப் பக்கம் வந்ததும் கால்வாய் கண்ணில் படுகிறது. கண்ணுக்கு முன்னால் மூக்கிலே படுகிறது என்று சொல்வதே பொருத்தம். வண்டியில் இருந்தவர்கள், பழக்கத்தினால், பேச்சை நிறுத்தாமலே கைக்குட்டையை எடுத்தார்கள்.

இதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். பெயர் கேட்டாலே நம்மவர்களுக்குச் சாக்கடை ஞாபகம் வருகிறது. ஆனால் அதன் அளவைப் பாருங்கள். வடக்கே கிருஷ்ணா நதிப் பிரதேசத்தில் பெத்தகஞ்சம் முதல் தெற்கே மரக்காணம் வரையில் ஏறக்குறைய 420 கிலோமீட்டர் நீளம். காகிநாடா வரையிலுள்ள மற்றக் கால்வாய்களையும் சேர்த்தால் இதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கடற்கரையை ஒட்டி, கடலில் இறங்காமலே, ஒரு காலத்தில் ஒரு படகு ஆந்திர தேசத்திலிருந்து சென்னைக்கு வந்து சேர முடிந்தது.

இதன் முதல் துண்டு சென்னையிலிருந்து எண்ணூருக்குப் பதினோரு மைல். அதை 1806-ல் அமைத்தவர் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அதனால் நெடுங்காலம் அதற்குக் காக்ரேன் கால்வாய் என்றே பெயர். இந்தக் காக்ரேன் விசித்திர மனிதர். இங்கே பொருள் சேர்த்துக்கொண்டு லண்டனுக்குத் திரும்பி அங்கே நீராவிக் குளியல் நிலையம் ஒன்று நடத்தினார். அதில் வேலை பார்த்தவர் நம் பாட்னாவைச் சேர்ந்த தீன் முகம்மது. அவர் பின்னர் 1810-ல் லண்டனில் ஓர் இந்திய உணவு விடுதியையே திறந்தார். சென்னைக் கால்வாய்க்கும் லண்டன் மாநகரத்து முதல் இந்தியச் சாப்பாட்டுக் கடைக்கும் இப்படி ஒரு நூலிழைச் சம்பந்தம்! 1837-ல் அரசாங்கம் கால்வாயை எடுத்துக்கொண்டது. வடக்கே பழவேற்காட்டுக்கும் அப்பாலும் அது நீண்டது.

பக்கிங்ஹாம் என்ற பெயர் வந்த கதைதான் நெஞ்சை உறுத்துவது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. அப்போது பக்கிங்ஹாம் பிரபு கவர்னர். சென்னைக்கு வடக்கேயும் தெற்கேயும் தனித்தனியாக நின்ற கால்வாய்களை ஒன்றாக இணைக்க, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில் சுமார் எட்டுக் கிலோமீட்டர் வெட்ட வேண்டியிருந்தது. பஞ்ச நிவாரண வேலையாக அதை வெட்டினார்கள். 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாகாணத்து நிவாரண வேலைகளில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு நிர்ணயித்த கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதிலும் குறைவு. பசித்த வயிற்றோடு மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை. கவர்னரின் பெயர் 420 கிலோமீட்டருக்கும் சேர்த்து எழுதப்பட்டுவிட்டது.

"அங்கேயும் கால்வாய் வெட்டியவர்கள் பெயர் எனக்குத் தெரியாது" என்றார் நண்பர். நியாயமான பேச்சுத்தான்.

திருவொற்றியூரில் தியாகராஜர் கோவிலை மனத்தினால் வணங்கினோம். சுந்தரர் சங்கிலி நாச்சியாரை மணந்த ஊர். பட்டினத்தார் சமாதி கொண்ட ஊர். இறங்கினால் அந்த நாள் அங்கேயே போய்விடும். பிறகு விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். கம்பெனி காலத்தில் சென்னைத் துரைமார்கள் உல்லாசமாகப் பொழுது போக்கக் கால்வாயில் படகேறி எண்ணூருக்கு வருவார்கள் என்று சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்?

எண்ணூரை விட்டதும் வண்டி கொசஸ்தலையாற்றின் மேல் செல்லுகிறது. வண்டியின் ஓசையே மாறிவிடுகிறது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தி ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். ஆறு, கால்வாய், கடல் மூன்றும் கூடும் கழிமுகம் இது. அகன்ற நீர்ப்பரப்பு, கரையில் அலையாத்திச் செடிகளின் பச்சை, வெள்ளைக் கொக்குகள், இடுப்பளவு நீரில் நிற்கும் சில மனிதர்கள். பின்புறத்தில் வானத்தை முட்டும் புகைபோக்கிகளும், ராட்சதச் சிலந்திகள் பின்னியவை போன்ற மின்கம்பிகளும். அழகு என்று சொல்லவும் வாய் வரவில்லை; அழகில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. நண்பரும் ஆம்ஸ்டர்டாமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அத்திப்பட்டில் இறங்கினால் வாசலில் படகு இல்லை. ஷேர் ஆட்டோதான் உண்டு. கிழக்கே செல்லும் சாலையில் லாரிகளுக்கு ஒதுங்கியே பாதி நேரம் போயிற்று. வட சென்னை அனல் மின் நிலையம் 1994-ல் இங்கே மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிற்று. அதற்கு நிலக்கரி இறக்குவதற்காகவே எண்ணூர்த் துறைமுகம் எழுந்து 2001-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. காமராஜர் துறைமுகம் என்று இப்போது பெயர். பக்கத்திலேயே வல்லூரில் இன்னொரு மின் நிலையம். சாலையோரத்து மரங்களின் இலைகளைத் தொட்டுப் பார்த்தோம். விரலில் சாம்பல். விபூதியைப் போல மெல்லியதுதான். ஆனால் நெற்றியில் இட்டுக்கொள்ளத் தகுந்ததல்ல.

இந்த மின் நிலையங்களைத் தூற்றுவது நம் நோக்கமன்று. இந்தக் கட்டுரையை எழுதும்போது தலைக்குமேல் சுழலும் விசிறிக்கு மின்சாரம் எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? சுதேசித் தொழில்கள் வளர வேண்டும் என்று ஆசைப்பட்ட தேசம் நாம். ஆனால், விசிறி சுழலும் வீடு ஓர் இடத்திலும் சாம்பல் விழும் வீடு வேறோர் இடத்திலும் இருக்கிறது என்பதை, அத்திப்பட்டுக்கு வந்தால் விரல் நுனியிலேயே அறிந்துகொள்ளலாம்.

கடைசியில் கால்வாயைக் கண்டோம். கொருக்குப்பேட்டையில் கண்ட கறுப்புத் திரவமல்ல. இது கடலோடு மூச்சு விடும் உப்புத் தண்ணீர். ஏற்றத்தில் உயரும், வற்றத்தில் தாழும். ஒரு காலத்தில் பாய் கட்டிய படகுகள் இதில் சென்றன. காற்று இல்லாத நாளில் ஆட்கள் கரையோடு நடந்து கயிற்றால் இழுத்தார்கள். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் இந்த வழியாகச் சென்னைக்குப் போய்ச் சுண்ணாம்பாகி, பளிங்குபோல் மின்னும் சுவர்களாயிற்று. சென்னைக்குத் தெற்கே இதே கால்வாயில் மாமல்லபுரத்துக்குப் படகில் சென்றதைப் பாரதிதாசன் "மாவலிபுரச் செலவு" என்று கவிதையாகப் பாடியிருக்கிறார்.

படகுகள் ஏன் போயின? நாம் வந்த ரயில்தான் முதல் காரணம். 1899-ல் சென்னைக்கும் பெஜவாடாவுக்கும் இருப்புப்பாதை இணைந்தது; கால்வாய்க்கு அன்றே வயதாகிவிட்டது. பின்னர் லாரிகள் வந்தன. 1960-களின் புயல்கள் கரைகளைக் குலைத்தன. சென்னை நகருக்குள்ளோ, 1995-ல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலுக்காகக் கால்வாயின் நடுவிலேயே தூண்களை நட்டுவிட்டார்கள். 2008-ல் இதே கால்வாயைத் தேசிய நீர்வழி எண் 4-ல் சேர்த்து அரசாங்கம் அறிவித்தது. படகு எந்தத் தூணைச் சுற்றிப் போகும் என்று யாராவது கேட்டிருப்பார்கள் என்று நம்புவோம்.

கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு சார் நீங்க? பாட்டில்ல தண்ணி புடிக்க வந்தவங்களா?"

சோதனைக்காகத் தண்ணீர் எடுத்துப் போகிறவர்களைத் தவிர வேறு வெளியார் யாரும் இங்கே வருவதில்லை போலும்.

"இல்லை பெரியவரே, சுற்றிப் பார்க்க வந்தோம்."

"சுத்திப் பாக்கவா? இங்கியா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். பின்னர் என்ன நினைத்தாரோ, "வெயில் ஏறங்காட்டியும் வாங்க, ஒரு சுத்து காட்றேன்" என்று படகை நீரில் தள்ளினார். கூலியைப் பற்றிப் பேசவில்லை.

படகு கழிமுகத்தை நோக்கிச் சென்றது. ஓரிடத்தில் பெரியவர் கழியை நீரில் குத்தினார். ஒரு முழங்கூட இறங்கவில்லை. "நான் சின்னப் பையனா இருக்கச்சே இங்க ஆள் முழுகற தண்ணி சார். இப்ப கீழ பூரா சாம்பல்" என்றார். கழியின் நுனியில் சாம்பல் நிறச் சேறு களிம்புபோல் ஒட்டியிருந்தது. சாம்பலைக் குழாய்களில் நீரோடு கலந்து அனுப்பும்போது, குழாய் கசிந்த இடமெல்லாம் ஆற்றில் படிந்த சேறு அது. சற்றுத் தள்ளி நீரில் கை விட்டுப் பார்க்கச் சொன்னார். வெந்நீரில்லை, ஆனாலும் வெதுவெதுப்பு. மின் நிலையத்தின் இயந்திரங்களைக் குளிரச் செய்த நீர் இந்தப் பக்கம் திரும்பி வருகிறது. "மீன் சூடு தாங்குமா சார்? மடவை கெடச்ச எடத்துல மடவை இல்ல, கெழங்கான் கெடச்ச எடத்துல கெழங்கான் இல்ல."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து இந்தக் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்ததைப் பத்திரிகைகளில் எல்லோரும் படித்தோம். அதை முதலில் வாளிகளால் அள்ளியவர்கள் இந்த மீனவர்களே. அதைப் பற்றிக் கேட்டபோது அவர் பதில் சொல்லவில்லை. படகின் விளிம்பை மட்டும் விரலால் காட்டினார். கறுப்புக் கோடு இன்னும் அழியவில்லை.

சிறிது தூரத்தில் கழுத்தளவு நீரில் சில பெண்கள் குனிந்து தவழ்ந்துகொண்டிருந்தார்கள். இருளர் குலத்துப் பெண்கள். வலையில்லை, தூண்டிலில்லை, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பை வாயில், பற்களுக்கு நடுவில் தொங்குகிறது. இரண்டு கைகளும் வேலையாயிருக்கும்போது வேறு எங்கே வைப்பது? நண்பர் படம் எடுக்கக் காமிராவைத் தூக்கினார். பிறகு தாமாகவே இறக்கிவிட்டார்.

ஹாலந்தில் தண்ணீரை நிர்வகிப்பதற்கென்றே பல நூற்றாண்டுகளாகத் தனிச் சபைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஜனங்களே அங்கத்தினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நண்பர் இதைப் பெரியவருக்கு விளக்கிச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம கிட்ட பாடு இருக்குதே சார்" என்றார். கழிமுகத்தில் நல்ல துறைகள் சில; மீன் பிடிப்போர் பலர். எல்லோரும் ஒரே துறையில் வலை கட்டினால் சண்டை. ஆகையால் இன்று ஒருவர் முறை, நாளை மற்றவர் முறை என்று வகுத்துக்கொண்டு, வலுத்தவன் இளைத்தவனைத் தள்ளாமல் நடத்துகிறார்கள். பழவேற்காட்டு ஏரியிலும் இதே வழக்கம் உண்டு. சர்க்கார் உத்தரவில்லை, அச்சடித்த சட்டமில்லை. "இந்தச் சாம்பலுக்கும் ஒரு பாடு வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று பெரியவர் சொன்னபோது நண்பர் சிரிக்கவில்லை. நமக்கும் சிரிப்பு வரவில்லை.

யாருக்கும் தனியாகச் சொந்தமல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக விட்ட நிலத்துக்கும் நீருக்கும் "புறம்போக்கு" என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். இன்று அதை ஒரு வசைச் சொல்லாக்கிவிட்டோம். 2017-ல் சங்கீத வித்துவான் டி. எம். கிருஷ்ணா இந்த எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று, கபேர் வாசுகி எழுதிய "புறம்போக்குப் பாடல்" ஒன்றை ராகமாலிகையாகப் பாடினார். மார்கழிக் கச்சேரி தவறாத குடும்பங்கள் பல, எண்ணூர் என்று ஓர் ஊர் இருப்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தன.

படகு மீண்டும் கால்வாய்க்குத் திரும்பியது. பெரியவர் வடக்கே கையை நீட்டி, "இப்டியே நேரா போனா பழவேற்காடு" என்றார். அங்கேதான் ஆம்ஸ்டர்டாமுக்கும் நமக்கும் கணக்கு இருக்கிறது. 1613-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரத்தார், இன்று உலகம் சென்று வியக்கும் பெருங்கால்வாய்களை வெட்டத் தொடங்கினார்கள். அதே 1613-ல் பழவேற்காட்டில் டச்சுக்காரரின் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. நம் நெசவாளர்களின் துணிகள் அங்கிருந்து கப்பலேறின. துணிகள் மட்டுமல்ல, பஞ்சத்தில் தம்மைத் தாமே விற்றுக்கொண்டவர்களும், போரில் பிடிபட்டவர்களும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பசித்தவனை டச்சுக்காரன் வாங்கிக் கப்பலேற்றினான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பசித்தவனை ஆங்கிலேயன் ஒரு ராத்தல் தானியம் கொடுத்து மண் வெட்டச் சொன்னான். ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் வளையம் 2010-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. அங்கே படகில் போகிறவர்களுக்கு இந்த 1613-ஐ யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நண்பரைக் கேட்டோம். "சொல்லவில்லை" என்றார்.

கரை சேர்ந்ததும் பெரியவர் கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் மடித்துச் செருகிக்கொண்டார். சைவச் சாப்பாட்டுக்காரர் என்று எவ்வளவோ சொல்லியும் நண்பர் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தில் இறாலைத் திணித்துவிட்டார். "ஊட்ல யாராச்சும் சாப்டுவாங்க, எடுத்துட்டுப் போங்க." அத்திப்பட்டு ஸ்டேஷனில் வண்டி வர இருபது நிமிஷம் தாமதம். நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. நண்பர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பழவேற்காட்டுக்கு எப்போது போவது என்று விசாரித்தார்.

போக விரும்பும் நேயர்களுக்கும் சேர்த்துச் சொல்லுகிறோம்: இதே மார்க்கத்தில் அத்திப்பட்டைத் தாண்டிப் பொன்னேரியில் இறங்கிப் பஸ் ஏற வேண்டும். டச்சுக்காரரின் பழைய கல்லறைத் தோட்டம் அங்கே இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏரியில் படகு உண்டு. குடிநீரும் குடையும் கையோடு கொண்டுபோவது நலம். அத்திப்பட்டில் இறங்குவதானால், காலை வெயில் ஏறுவதற்கு முன்பே இறங்குங்கள். ஏற்ற நேரமானால் படகு தரை தட்டாது.